கொசுவலைக்கு எத்தனை எழுத்து

பித்தளைத் தகட்டில் பெயர் வெட்டிக் கொடுப்பது அவள் தொழில். முன்னறையில் மேசை அகலத்துக்கு ஒரு வெட்டு இயந்திரம், அதை ஓட்ட ஒரு கணினி. எழுத்துகளைத் தகட்டில் சரியாகப் பரப்பி வைக்க, நாற்பத்தாறாவது வயதில் வீடியோ பார்த்துப் பார்த்துத் தானே ஒரு சின்ன புரோகிராம் எழுதியிருந்தாள். இங்கிலீஷ் பலகைகள் அச்சில் வார்த்த மாதிரி வந்தன. அக்கம்பக்கத்தில் பேரும் கிடைத்தது.

அப்போதுதான் கொசுவலைக் கடைக்காரர் தமிழில் பலகை கேட்டார். வெட்டி முடித்துப் பார்த்தால், "கொசுவலை" முழுக்க இடது பக்கம் ஒண்டிக்கொண்டு, வலது பக்கம் காலி மைதானமாகக் கிடந்தது. நாலெழுத்துச் சொல்லைக் கணினி ஏழு என்று எண்ணியிருந்தது.

வெளியூரில் மென்பொருள் வேலை பார்க்கும் கொழுந்தனுக்குப் போன் போட்டு, எந்தப் புத்தகம் வாங்கலாம் என்று கேட்டாள்.

"இதுக்கெல்லாம் யாராவது புத்தகம் வாங்குவாங்களா அண்ணி? நெட்ல தேடுங்க."

"தேடிட்டேன்டா. அம்பது பேர் பதில் சொல்றான், அம்பது பேரும் ஒருத்தனை ஒருத்தன் திட்டிக்கிறான். நான் எவன் பேச்சைக் கேக்கறது?"

சனிக்கிழமை காலை கணவரைக் கூட்டிக்கொண்டு புத்தகக் கடைக்குப் போனாள். அவர் பஸ் டிரைவர். லீவு நாளில் இன்னொருத்தர் ஓட்டும் பஸ்ஸில் போவதென்றால் அவருக்குக் கொள்ளை சந்தோஷம்.

கடையில் நுழைந்ததும் அவர் இரண்டு கையாலும் ஒரு தடிப் புத்தகத்தைத் தூக்கினார். "இதை எடுத்துக்கோ. ஆயிரத்து நூறு பக்கம். இதுல இல்லாததா?"

அவள் முதல் பக்கத்தைத் திறக்கவேயில்லை. கடைசிப் பக்கத்துக்குப் போனாள். எது எந்தப் பக்கத்தில் என்று சொல்லும் அட்டவணையையே காணோம்.

"என்னங்க, இவ்வளவு பெரிய ஊருக்குள்ள போய்த் தெருப்பேர் இல்லாம நான் யார் வீட்டைத் தேடறது?"

கடைக்காரர் பளபள அட்டை போட்ட இன்னொன்றை நீட்டினார். "இதுதான்மா இப்ப நல்லா போகுது." அதில் அட்டவணை இருந்தது, ஒன்றரைப் பக்கத்துக்கு. அவள் தேடியது இல்லை. அப்படியே ஆறு புத்தகம் பின்பக்கமாகத் திறந்து மூடப்பட்டன. கணவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

அவள் கண் கடைக்காரரின் மேசைக்குப் போனது. அவருடைய கணினித் திரைக்கு முட்டுக் கொடுத்திருந்தது சாம்பல் நிற அட்டையில் ஒரு புத்தகம். முதுகில் அவள் புரோகிராம் எழுதிய அதே கணினி மொழியின் பெயர்.

"அது?"

"அதுவா... பழசும்மா. படமே இருக்காது. யாரும் சீண்டல."

"கொஞ்சம் எடுத்துத் தாங்களேன்."

அவர் திரையைத் தூக்கிப் பிடிக்க, கணவர் புத்தகத்தை உருவினார். பின்னால் முப்பது பக்க அட்டவணை. "எழுத்துகளை எண்ணுதல், துணைக்குறிகளோடு" என்று ஒரு வரி, பக்க எண்ணோடு. நின்றபடியே அந்தப் பக்கத்தைப் படித்தாள். நம் கண்ணுக்கு "கொ" ஓர் எழுத்து; கணினிக்கு க தனி, அதன் கொம்பும் காலும் சேர்ந்த குறி தனி. குறிகளை முன்னெழுத்தோடு சேர்த்து எண்ணும் வழி ஐந்தே வரியில் இருந்தது.

"இதைத்தான் எடுத்துக்கறேன்."

"அப்ப என் திரைக்கு?" என்றார் கடைக்காரர்.

கணவர் எழுந்துபோய் அந்தத் தடிப் புத்தகத்தைக் கொண்டுவந்து வைத்தார். அளவு எடுத்துத் தைத்த மாதிரி உட்கார்ந்தது. கடைக்காரர் சிரித்த சிரிப்பில் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியதாயிற்று.

வீட்டுக்கு வந்து, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே ஐந்து வரியையும் சேர்த்துவிட்டாள். "கொசுவலை" என்று தட்டினாள். நான்கு.

கணவர் சமையலறையிலிருந்து வார்த்தை வார்த்தையாக எடுத்துவிட்டார். "கௌதாரி."

"மூணு."

"கொத்தமல்லி."

"ஆறு. சரியா எண்ணுது."

திங்கட்கிழமை கொசுவலைக்காரர் வந்து புதுப் பலகையை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். "பக்கத்துல தலையணையும் போடலாம்னு இருக்கேன். அதுக்கும் ஒண்ணு வெட்டிடுங்க" என்றார்.