காவல் கோபுரத்தில் ஏறிய தண்ணீர்

அன்று குழாயம்மாவின் கைப்பையில் ஸ்பேனர் இல்லை. இருபத்திரண்டு வருடங்களில் அவள் ஸ்பேனர் இல்லாமல் வாசற்படி தாண்டியது இரண்டே முறை. ஒன்று, கணவர் ஏணியிலிருந்து விழுந்து இடுப்பொடிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது. இன்னொன்று, மகள் பட்டம் வாங்கிய அன்று. மூன்றாவது முறை இது.

தெருவே அவளைக் குழாயம்மா என்றுதான் கூப்பிடும். கணவர்தான் முதலில் பிளம்பர். சாமான் பையைத் தூக்கிக்கொண்டு, அவர் கேட்டதை எடுத்துக் கொடுப்பதற்காகக் கூடப் போனவள், அவர் விழுந்த பிறகு, சாமானைத் தானே பிடித்தாள். முதன்முதலில் தனியாகப் போன வீட்டில், கதவைத் திறந்த பெண் இவள் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாளாம்.

"ஆள் வரலையா?"

"ஆள்தான் வந்திருக்கேன்."

மற்றவர்கள் கசிவைத் தேடித் தரையெல்லாம் உடைப்பார்கள். இவள் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளங்கையைச் சுவரில் வைத்து, கண்ணை மூடிக்கொள்வாள். கொஞ்ச நேரம் கழித்து ஓரிடத்தில் சுண்ணாம்புக் கட்டியால் பெருக்கல் குறி போடுவாள். "ஒத்தக் கல்லு. இதை மட்டும் பேத்தா போதும்." பெரும்பாலும் போதும்.

இப்படிச் சம்பாதித்துப் படிக்கவைத்த மகள் வங்கியில் வேலைக்குச் சேர்ந்தாள். கூட வேலை செய்கிறவனையே கல்யாணம் செய்துகொள்ளப் போவதாகச் சொன்னாள். நிச்சயம் நல்லபடியாக முடிந்து, இரண்டு குடும்பமும் ஒருநாள் சேர்ந்து வெளியே போகலாம் என்று பேச்சு வந்தபோதுதான், விஷயம் வெளியே வந்தது.

"அம்மா, அவங்க வீட்ல நீ கட்டட கான்ட்ராக்டர்னு சொல்லிட்டேன். வாய் தவறி வந்துருச்சு."

"வாய் தவறினா ஒரு வார்த்தை தவறும். நீ ஒரு ஆபீசே கட்டிட்டியேடி."

"ஒரே ஒரு நாளும்மா. கல்யாணம் முடியட்டும், நானே சொல்லிடறேன்."

கணவர் கட்டிலில் படுத்தபடியே சொன்னார்: "முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கணும். மொதல்ல அவ்ளோ சோறு வடிக்கணுமே."

குழாயம்மா சிரிக்கவில்லை. அன்றிரவே பையிலிருந்து ஸ்பேனரை எடுத்துக் கட்டிலுக்கடியில் வைத்தாள். மகளின் வாழ்க்கையைவிடத் தன் பெயர் பெரிதா என்ன? அப்படித்தான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

சம்பந்தியம்மா ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. அவர் சொன்ன இடம், ஒரு காலத்தில் சுல்தான்கள் ஆண்ட பழைய நகரம். மாப்பிள்ளைதான் கார் ஓட்டினார். கணவரும் கைத்தடியோடு கூட வந்தார். முதலில் பார்த்தது ஒரு பெரிய கும்மட்டம். உள்ளே ஒரு தூண்கூட இல்லை. அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலித்ததே தவிர, உச்சி எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை.

"நீங்க கட்டடத் துறையில இருக்கிறவங்க. சொல்லுங்க சம்பந்தி, தூணே இல்லாம இது எப்படி நிக்குது?" என்று கேட்டார் சம்பந்தியம்மா.

குழாயம்மா ஸ்பேனர் இல்லாத பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "நல்லா கட்டியிருக்காங்க," என்றாள். கணவருக்கு அந்த நேரம் பார்த்து இருமல் வந்தது. இவ்வளவு சுத்தமாக வேலை செய்தவர்களின் கூரைக்குக் கீழே நின்றுகொண்டு பொய் சொல்கிறோமே என்று அவளுக்குக் கூசியது.

வெளியே கடைத்தெருவின் நடுவே, இரண்டு மாடி உயரத்தில் ஒரு சதுரக் கல்கோபுரம் நின்றது. சுற்றிக் காட்ட வந்த வழிகாட்டி கையை நீட்டினார். "இது காவல் கோபுரம். எதிரி வர்றானான்னு மேலேர்ந்து பார்ப்பாங்க."

எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். குழாயம்மா மட்டும் குனிந்து பார்த்தாள். கோபுரத்தின் அடியில் கல் பெயர்ந்த இடத்தில், சுண்ணாம்புக்குள் புதைந்த சுட்ட மண் குழாய் ஒன்று வாயைத் திறந்துகொண்டிருந்தது. சுற்றி வந்தாள். எதிர்ப்பக்கமும் அதேபோல் ஒன்று. கால்கள் தாமாகச் செருப்பை விட்டன. உள்ளங்கை கல்லில் படிந்தது. கண் மூடியது.

"போச்சு," என்றார் கணவர் மெல்ல.

"தம்பி, இது காவலுக்கு இல்லீங்க," என்றாள் குழாயம்மா. "படி எங்க? கதவு எங்க? காவல்காரன் பல்லியா, சுவர்ல ஏற? இந்தப் பக்கம் தண்ணி உள்ள வருது, அந்தப் பக்கம் வெளிய போகுது. மேட்டு ஏரியிலேர்ந்து ஒரே இறக்கமா வந்தா, அந்த அழுத்தத்தை மண் குழாய் தாங்குமா? ஜாயின்ட் ஜாயின்ட்டா தெறிச்சிடும். அதான் நடுவுல மேல ஏத்தி, மூச்சு விடவெச்சு, அப்புறம் இறக்கியிருக்காங்க. மேல ஒரு தொட்டி இருக்கணும். சகதியெல்லாம் அதுல தங்கிடும்."

வழிகாட்டி தலையைச் சொறிந்தார். "ஆமாம்மா, தொட்டி இருக்கு. நாங்க ஏதோ மழைத்தண்ணிக்குன்னு நெனச்சோம். நீங்க எஞ்சினியரா?"

அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. மகளைப் பார்த்தாள். மகள் முகத்தில் ஈயாடவில்லை. குழாயம்மா கழற்றிவிட்ட செருப்பைக் காலால் தேடினாள்.

மகள்தான் நடந்து வந்தாள். கல்லில் ஊன்றியிருந்த அம்மாவின் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"எங்கம்மா பிளம்பர். இருபத்திரண்டு வருஷமா." வருங்கால மாமியாரை நேராகப் பார்த்தாள். "கான்ட்ராக்டர் இல்ல அத்தை. பொய் சொன்னது நான். அம்மாவை மறைக்கச் சொன்னதும் நான்தான்."

சம்பந்தியம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டு, வகுப்பறைக் குரலில் சொன்னார்: "சொல்றதுக்கு இவ்ளோ நல்ல உண்மை கையில இருக்கும்போது எதுக்குடி பொய்?"

பிறகு குழாயம்மாவின் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தினார். "எங்க குளியலறைச் சுவர் மூணு மாசமா ஊறுது சம்பந்தி. வர்றவனெல்லாம் சுவரையே இடிக்கணுங்கறான். இதுக்குப் போய்க் கான்ட்ராக்டரைக் கூப்பிடறதான்னு வாயை மூடிட்டிருந்தேன்."

"ஒத்தக் கல்லு," என்றாள் குழாயம்மா. "அதுக்கு மேல உடைச்சா என்னைக் கேளுங்க."

"ஸ்பேனர் கட்டிலுக்கடியில இருக்கு," என்று கணவர் யாரும் கேட்காமலே சொன்னார்.

காருக்குத் திரும்பும்போது, பின்னால் அடுத்த கூட்டம் வந்து சேர்ந்திருந்தது. அதே வழிகாட்டி கோபுரத்தைக் காட்டினார். "பாக்கறதுக்குக் காவல் கோபுரம் மாதிரி இருக்கும். ஆனா இல்லீங்க. படி எங்க, கதவு எங்க? இன்னிக்கு ஒரு பிளம்பரம்மா வந்து..."

குழாயம்மா குனிந்து, நன்றாகவே இருந்த செருப்பு வாரை, அவர் முழுவதையும் சொல்லி முடிக்கும்வரை சரிசெய்துகொண்டிருந்தாள்.