அண்ணியின் இறந்த காலம்

என் அண்ணிக்கு மியூசியத்தில் வேலை என்று சொன்னால், கேட்பவர்கள் உடனே "டிக்கெட் கிழிக்கிறாங்களா?" என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அண்ணி அங்கே கல்விப் பிரிவில் இருக்கிறாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரிசையாக வந்து, வாளைப் பார்த்து "இதுல எத்தனை பேரை வெட்டினாங்க?" என்று கேட்டுவிட்டு, அடுத்த நிமிஷம் கழிவறை எங்கே என்று விசாரிப்பார்களே, அந்தப் பிள்ளைகளைத் தரையில் உட்காரவைத்துப் பழைய காலத்தைப் பற்றி நாலு விஷயம் மண்டையில் ஏற்றுவது அவள் வேலை. வயதில் என்னைவிட இளையவள், முறைக்கு மூத்தவள். அதனால் வாய் நிறைய "வாங்க அண்ணி, சொல்லுங்க அண்ணி" என்பேன். மனசுக்குள் எப்போதும் "அவள்"தான்.

நானும் அந்த மியூசியத்தின் சம்பளம் வாங்காத ஊழியக்காரி மாதிரிதான். அண்ணி வீட்டுக்கு மேல் மாடியில் தையல் மெஷின் போட்டிருக்கிறேன். அங்கேயிருந்து பிள்ளைகளுக்குக் கொடுக்கிற "வீட்டுப் பை"யைத் தைத்துக் கொடுப்பவள் நான். பைக்குள் ஒரு பூதக்கண்ணாடி, ஓர் அளவு நாடா, பென்சில், கொஞ்சம் வெற்று அட்டைகள், எப்படிச் செய்வது என்று சொல்லும் ஒரு தாள். பிள்ளை தன் வீட்டில் இருக்கும் பழைய சாமான்களைத் தேடி எடுத்து மேசைமேல் அடுக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை எழுதி வைக்க வேண்டும். பிறகு வீட்டாரை வரிசையில் நிற்கவைத்துச் சுற்றிக் காட்ட வேண்டும். அட்டைகள் பள்ளிக்கூடம் வழியாக மியூசியத்துக்குத் திரும்பி வரும். அண்ணி உட்கார்ந்து திருத்துவாள். நன்றாக இருப்பவற்றைப் பெரிய எழுத்தில் அச்சடித்து மாடிப்படிக் கூடத்தில் மாட்டுவார்கள்.

அட்டை எழுதுவதற்கு அண்ணி ஒரு சட்டம் வைத்திருந்தாள். பொருள் இருக்கிறது, ஆள் இருந்தார். கிண்ணம் இன்னும் இருக்கிறது, சரி, அதில் குடித்தவரை எழுதும்போது "குடித்தார்" என்றுதான் எழுத வேண்டும். பிள்ளைகள் அப்படியா எழுதும்? நாம் பேசுகிற மாதிரி "குடிப்பார்" என்று எழுதும். நம் பேச்சில் அந்த மாதிரிச் சொல்லுக்குக் காலமே கிடையாது. போய்ச் சேர்ந்தவரையும் "ராத்திரியில பால் குடிப்பார்" என்போம். நாளைக்கு விருந்துக்கு வரப்போகிறவரையும் "பால் குடிப்பார்" என்போம். அண்ணிக்கு அது அறவே ஆகாது. "இறந்த காலம்னா இறந்த காலம். ரெண்டுங்கெட்டானா எழுதக் கூடாது" என்பாள். சிவப்புப் பேனாவை எடுத்து ஒவ்வொரு "ப்பார்" மேலும் ஒரு கோடு இழுப்பாள். மியூசியத்தில் அவளுக்கு "சிவப்பு மை" என்றே பட்டப்பெயர்.

ஒரு தடவை ஒரு பிள்ளை, "இது எங்கள் பெரியப்பாவின் பல்செட். பெரியப்பா இதைக் கழற்றிவிட்டுத்தான் சிரிப்பார்" என்று எழுதியிருந்தது. அண்ணி "சிரித்தார்" என்று திருத்தி மாட்டிவிட்டாள். அந்தப் பெரியப்பா நேரில் வந்து நின்றார். "ஏம்மா, நான் குத்துக்கல்லாட்டம் உயிரோட இருக்கேன். என்னை எதுக்குக் கொன்னு மாட்டியிருக்கீங்க?" என்று கூடமே அதிரக் கேட்டார். அண்ணி அசரவில்லை. "மியூசியத்துக்குள்ள வந்துட்டா எல்லாருமே இறந்த காலம்தாங்க" என்றாளாம். அதை வீட்டில் வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அப்போது பெரியவன் இருந்தான். "அம்மா, உன் பக்கம் வரதுக்கே பயமா இருக்கு" என்று சொல்லிக் கையெடுத்துக் கும்பிட்டான்.

பெரியவன் என்றால் அண்ணியின் மூத்த பிள்ளை, என் மருமகன். சரக்குக் கப்பலில் எஞ்சின் அறையில் வேலைக்குச் சேர்ந்தான். இரண்டாவது பயணத்திலேயே கப்பல் புயலில் மாட்டி இரண்டாக உடைந்தது. சிலரைக் காப்பாற்றினார்கள். சிலரைப் பிணமாக எடுத்தார்கள். பெரியவன் இரண்டிலும் இல்லை. கம்பெனியிலிருந்து ஓர் ஆள் வந்து, நாற்காலி நுனியில் உட்கார்ந்து, "காணாமல் போனவர் கணக்குல வெச்சிருக்கோம்" என்று சொல்லிவிட்டு, கொடுத்த தண்ணீரைக்கூடக் குடிக்காமல் போனான். அண்ணி அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டாள். காணாமல் போனவன் செத்தவன் இல்லை. எங்கேயோ ஒரு கரையில் ஒதுங்கியிருக்கிறான், வருவான்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் அவனைப் பற்றி "இருந்தான்" என்று யாரும் சொல்லக் கூடாது. "இருக்கான்", "வருவான்", அவ்வளவுதான். என் அண்ணனுக்கு அது தாங்கவில்லை. "செத்துட்டான்டி. ஒத்துக்கோ. ஒரு நாள் எல்லாரையும் கூப்பிட்டு உட்கார்ந்து அழுதுடலாம்" என்று மல்லுக்கு நிற்பான். "உயிரோட இருக்கிற பிள்ளைக்கு எந்த அப்பனாவது அழுவானா?" என்று அவள் கேட்பாள். மாதக்கணக்கில் இதே சண்டை. மேலே மெஷினை எவ்வளவு வேகமாக மிதித்தாலும் கேட்கும்.

இடையில் மாட்டிக்கொண்டு தவித்தது சின்னவள்தான், பெரியவனின் தங்கை. ஐந்தாம் வகுப்புப் படிக்கிற பெண். ஒரு நாள் சாப்பிடும்போது வாய் தவறி, "அண்ணன் இருந்தப்போ இந்த ஃபேனை அவனே ரிப்பேர் பண்ணிட்டான்" என்றது. அண்ணி கன்னத்தில் ஓர் அறை விட்டாள். அதுவரைக்கும் அவள் பிள்ளைகள்மேல் கை வைத்தவளே இல்லை. சோற்றுக் கையோடு எழுந்து போன அந்தப் பிள்ளை, அதற்கப்புறம் அண்ணனைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. மற்ற பேச்சும் குறைந்துவிட்டது. வாயைத் திறந்தால் எந்தக் காலம் வந்து விழுமோ என்று பயம். அம்மா முன்னால் அழவும் முடியாது, அப்பா முன்னால் "வருவான்" என்று சொல்லவும் முடியாது. மாடிக்கு வந்து என் மெஷின் பக்கத்தில் துணித்துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கும். எனக்கு அண்ணிமேல் கொலைவெறியே வந்தது. நீ உன் பிள்ளையை உயிரோடு வைத்துக்கொள், வேண்டாம் என்று யார் சொன்னது? இருக்கிற பிள்ளையின் வாயை எதற்குத் தைக்கிறாய்?

இதில் கொடுமை என்னவென்றால், அண்ணி வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தாள். ஊரார் வீட்டு ஆட்களையெல்லாம் சலிக்காமல் இறந்த காலத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள். அட்டையைப் பார்த்தால் அதே சிவப்புக் கோடு, அதே அழுத்தம். வீட்டுக்கு வந்தால் பெரியவன் படுக்கைக்கு உறை மாற்றுவாள்.

அந்த வருஷம் சின்னவள் வகுப்புக்கும் வீட்டுப் பை வந்தது. நான் தைத்த பையே திரும்பி எங்கள் வீட்டுக்குள் வந்து நின்றது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சின்னவள் எங்களைக் கூப்பிட்டாள். சாப்பாட்டு மேசையைத் துடைத்து ஒரு வெள்ளைத் துணி விரித்திருந்தாள். அதன்மேல் ஒரே ஒரு பொருள், பெரியவனின் அலாரம் கடிகாரம். நாங்கள் மூன்று பேரும் வரிசையில் நின்றோம். சின்னவள் யாரையும் பார்க்காமல் அட்டையைப் படித்தாள்.

"இது எங்கள் அண்ணனின் கடிகாரம். அண்ணன் இதில் அலாரம் வைப்பான். ஆனால் எழுந்திருக்க மாட்டான். நான்தான் போய் எழுப்புவேன்."

அண்ணி சிரித்துவிட்டாள். கப்பல் செய்தி வந்த பிறகு அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். "ஆமாண்டி, கும்பகர்ணன். வந்ததும் பாரு, மறுபடி இதே கூத்துதான்" என்றாள். என் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு, "ஆமா, தினம் இதே ரகளைதான்" என்று கண்ணைத் துடைத்தான். ஒரே வரிதான். அவள் நாளைக்கு என்று கேட்டுக்கொண்டாள், இவன் நேற்று என்று கேட்டுக்கொண்டான். சண்டையில்லாமல் இருவரும் சேர்ந்து நின்ற முதல் இடம் அது. எனக்குத்தான் அந்த "எழுந்திருக்க மாட்டான்" வேறு மாதிரிக் கேட்டது. பிள்ளையைப் பார்த்தேன். அது அட்டையை நேராக்கி வைத்துக்கொண்டிருந்தது.

அண்ணியின் சட்டப்படி பார்த்தால் அந்த அட்டையில் எல்லா வினையும் தப்பு. அவள் பேனாவைத் தொடவே இல்லை. "இது பள்ளிக்கூடத்துக்கெல்லாம் வேண்டாம், வீட்டிலேயே இருக்கட்டும்" என்று மட்டும் சொன்னாள். சின்னவள் தலையாட்டினாள். மறுநாள் எடுத்துக்கொண்டு போய் டீச்சரிடம் கொடுத்துவிட்டாள்.

அட்டைக்கட்டு மியூசியத்துக்கு வந்த வாரம் அண்ணி காய்ச்சலில் படுத்திருந்தாள். அவளுடைய பக்கத்து மேசைக்காரி, நல்ல பெண், அக்கா அக்கா என்று உயிரை விடுவாள், அவள்தான் கட்டை வாங்கித் திருத்தினாள். அக்கா வந்து பார்த்தால் குறை சொல்லக் கூடாதே என்று அக்காவின் சட்டத்தை வரிக்கு வரி பிடித்துத் திருத்தினாள். அட்டையில் வகுப்பும் எண்ணும்தான் இருக்கும், பிள்ளையின் பெயர் இருக்காது. அச்சுக்கும் அனுப்பிவிட்டாள்.

அட்டைக் கண்காட்சியின் திறப்பு அன்று குடும்பத்தோடு போனோம். கூடம் முழுக்கப் பிள்ளைகளும் பெற்றவர்களும். அண்ணி காய்ச்சல் விட்ட முகத்தோடு ஒவ்வொரு படியாக ஏறி, ஒவ்வொரு அட்டையாகப் படித்துக்கொண்டு வந்தாள். ஜன்னல் பக்கத்தில் நின்றுவிட்டாள். எட்டிப் பார்த்தேன். கொட்டை எழுத்தில் மாட்டியிருந்தது.

"இது எங்கள் அண்ணனின் கடிகாரம். அண்ணன் இதில் அலாரம் வைத்தான். ஆனால் எழுந்திருக்கவில்லை. நான்தான் போய் எழுப்பினேன்."

பக்கத்து மேசைக்காரி இந்தப் பக்கம் எதற்கோ வந்தவள், அண்ணியின் முகத்தைப் பார்த்தாள், அட்டையைப் பார்த்தாள், சின்னவளைப் பார்த்தாள். அவளுக்கு உறைத்துவிட்டது.

"ஐயோ அக்கா! நம்ம வீட்டுதுன்னு தெரியாம... கட்டோட கட்டா திருத்திட்டேன் அக்கா. இப்பவே கழட்டிடறேன்."

அண்ணி சின்னவளின் தோளைப் பிடித்தாள். எங்கே அத்தனை பேர் முன்னால் அடித்துவிடப்போகிறாளோ என்று நான் குறுக்கே போனேன்.

"வீட்டிலேயே இருக்கட்டும்னு சொன்னேன்ல? எதுக்குக் கொடுத்தே?"

"அண்ணனைப் பத்தி உனக்குத் தெரிஞ்ச மாதிரி இவங்களுக்கும் தெரியட்டும்னு" என்றது பிள்ளை.

"எனக்கு என்ன தெரியும்?"

சின்னவளுக்கு உதடு கோணிக்கொண்டு வந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை. "நான் முதல்ல இப்படித்தான்மா எழுதினேன். 'வைத்தான்'னுதான். நீ சொல்லிக் கொடுத்த மாதிரியே. அப்புறம் நீ அழுவியேன்னு அழிச்சிட்டு 'வைப்பான்'னு மாத்தினேன்."

அண்ணி அந்த அட்டையை மறுபடி முதலிலிருந்து படித்தாள். திருத்துகிறவள் படிக்கிற மாதிரி, விரலை ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே வைத்துப் படித்தாள். பக்கத்து மேசைக்காரி அட்டையைக் கழற்றக் கையை நீட்டினாள்.

"விடு" என்றாள் அண்ணி. "சரியாத்தான் இருக்கு."

அழவில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்தாள். மேலே போகிறவர்களும் கீழே இறங்குகிறவர்களும் அவளைச் சுற்றிக்கொண்டு போனார்கள். நான் தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன்.

திரும்பிப் போகும்போது பஸ்ஸில் தாயும் மகளும் நானும் ஒரே இருக்கையில். பிறகு அண்ணி ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு, "நீ எப்படி எழுப்பினே அவனை?" என்று கேட்டாள். பிள்ளை மெதுவாக, "மூக்கைப் பிடிச்சுக்கிட்டேன்" என்றது. "அவன் என்ன பண்ணினான்?" "காலால ஒதைச்சான்." "வேற?" அவ்வளவுதான், மடை உடைந்த மாதிரி அந்தப் பிள்ளை பேசியது. அண்ணன் ஒளித்து வைத்த சிகரெட், அண்ணன் வாங்கித் தராமல் ஏமாற்றிய சைக்கிள், அண்ணன் குளியலறையில் பாடிய பாட்டு. சொன்னான், வந்தான், ஓடினான், அடித்தான், எல்லாமே இறந்த காலம். அழுதுகொண்டே பேசியது, மூக்கை என் முந்தானையில் துடைத்துக்கொண்டு பேசியது. அண்ணி "ம்" கொட்டிக்கொண்டே வந்தாள். ஒவ்வொரு "ம்"முக்கும் அவள் முகம் இன்னும் கொஞ்சம் கறுத்தது. இத்தனை மாதம் திட்டிக்கொண்டிருந்த எனக்கு, அன்றைக்கு அவளைப் பார்க்க முடியவில்லை.

என் அண்ணன் முன் இருக்கையில் திரும்பாமல் உட்கார்ந்திருந்தான். அவன் கேட்டது நடந்துவிட்டது, இனிமேலாவது வீட்டில் சண்டை இருக்காது என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டதும் அண்ணி நேராக அலமாரியைத் திறந்தாள். பெரியவனின் சட்டைகளை எடுத்து மடித்து அடுக்க ஆரம்பித்தாள். யாருக்குக் கொடுக்கலாம் என்று என்னிடம் கேட்டாள். என் அண்ணன் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு உள்ளே வந்து, அவள் கையிலிருந்த சட்டையைப் பிடித்துக்கொண்டான்.

"ஏம்மா" என்றான். அவளை அவன் அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை. "அப்போ நிஜமாவே வர மாட்டானா?"

"செத்துட்டான், ஒத்துக்கோ" என்று மாதக்கணக்கில் தொண்டை கிழியக் கத்திய மனுஷன். அவள் நம்புகிறாள் என்கிற தைரியத்தில்தான் அத்தனை நாளும் அப்படிக் கத்தியிருக்கிறான். அவள் விட்டுவிட்டால் பிடித்துக்கொள்ள அவனுக்கு வேறு ஒன்றும் இல்லை.

அண்ணி சட்டையை அவன் கையிலேயே விட்டாள்.

அதற்குப் பதிலை நான் சொல்ல வாயெடுத்தேன். அவள் என்னைச் சொல்லவிடவில்லை. "வர மாட்டான்" என்று அவளே சொன்னாள். சொல்லிவிட்டு அடுத்த சட்டையை எடுத்தாள்.