நிமிடத்துக்குப் பதினான்கு

அப்பா படுக்கையில் விழுந்த பிறகு, நான் வேலை செய்யும் திருவனந்தபுரம் கம்பெனியிலிருந்து ஒரு ரேடார் சென்சாரை எங்கள் ஊரான புதுக்கடையில் உள்ள வீட்டுக்குக் கொண்டுவந்தேன். உடம்பைத் தொடாமலே நெஞ்சு ஏறி இறங்குவதை எண்ணி என் செல்போனுக்கு அனுப்பும். இன்னும் சோதனை முடியாத பொருள். பெரிய எஞ்சினியர் இல்லையா நான், வீட்டிலேயே சோதித்துவிடலாம் என்று நினைத்தேன்.

அதில் இரண்டு ஆன்டெனா. ஒன்று அலையை அனுப்பும், மற்றது திரும்பி வருவதை வாங்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு விரல் அகலம்தான். அதனால் அனுப்புவதில் கொஞ்சம், ஆள் பக்கமே போகாமல், நேராகப் பக்கத்து ஆன்டெனாவுக்குக் கசிந்துவிடும். கசிவு கூடினால் இரைச்சல் கூடும். நெஞ்சிலிருந்து வரும் மெல்லிய எதிரொலி அதில் அமுங்கிப்போகும். இதைக் குறைப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். அப்படிப்பட்ட நான், பல்லி ஏறக்கூடாதென்று அதை ஒரு பேக்கரி டப்பாவுக்குள் வைத்துச் சுவரில் ஒட்டினேன். பிளாஸ்டிக் மூடியில் பட்ட அலை திரும்பிக் கசிவைப் பெருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஒரு மத்தியானம், நான் கம்பெனியில் இருந்தபோது, அம்மா போன் செய்தாள்.

"மக்களே, அப்பாக்கு மூச்சு ஒரு மாதிரி இழுக்கு. ஆட்டோ விளிக்கட்டா?"

செல்போனைப் பார்த்தேன். நிமிடத்துக்குப் பதினான்கு மூச்சு.

"நல்லாத்தான் காட்டுதும்மா. அப்பா ஒறங்கட்டு" என்றேன்.

ஒரு மணி நேரத்தில் பக்கத்து வீட்டுக்காரர் போன் செய்தார். உறங்கட்டும் என்று அடுக்களைக்குப் போன அம்மா திரும்பி வந்து பார்த்தபோது அப்பா போய்விட்டிருந்தார். அப்போதும் செல்போனில் பதினான்குதான். அறையில் தலையாட்டும் ஃபேன், சுவர்ப் பக்கம் திரும்பும்போதெல்லாம் டப்பா மூடியை அசைத்திருக்கிறது. கசிவும் அதோடு அசைந்திருக்கிறது. சென்சார் எண்ணியது அதைத்தான்.

எனக்கு அழுகை வரவில்லை. வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டேன். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், பதிவானதிலிருந்து கசிவைக் கழித்துப் பார்த்தேன். அடியில் அப்பாவின் மூச்சு கிடந்தது. அம்மா கூப்பிட்டபோது விட்டு விட்டு வந்தது. அதற்குப் பிறகும் நாற்பது நிமிடம் இருந்தது. ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் பத்து நிமிடம்தான்.

லேப்டாப்பை மூடிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். ருசி எதுவும் தெரியவில்லை. அம்மா எதிரே வந்து நின்றாள்.

"அப்பமே கொண்டு போயிருந்தா ஆளு பொழச்சுக் கிட்டியிருக்குமா மக்களே?"

"இல்லம்மா. நீ போனை வச்ச ஒடனே போயாச்சு."

"நீ வேண்டாம்னாலும் நான் ஆட்டோ விளிச்சிருக்கணும்னு மனசு கெடந்து அடிச்சிட்டே இருந்து. அப்போ எம்மேல தப்பில்ல, இல்லியா?"

"இல்லம்மா."

அவள் முகம் தெளிந்தது. இன்னொரு கரண்டி சோறு எடுத்து என் தட்டில் வைத்தாள். தின்றேன்.