விரல் ஆடுதா

ஆஸ்பத்திரி மாவுக்கட்டு அறையில் கட்டுப் போடும் ஊழியராக அவருக்கு இது இருபத்தாறாவது வருஷம். கட்டுப் போடப் பழக வரும் மருத்துவ மாணவர்களிடம் தொண்டைத் தண்ணீர் வற்ற அவர் சொல்வது ஒன்றுதான்: கட்டு இறுகினால் ரத்த ஓட்டம் நின்றுவிடும், போட்டு முடித்ததும் விரலை ஆட்டச் சொல்லிப் பாருங்கள். அவர்கள் தலையைத்தான் ஆட்டுவார்கள்.

நேற்று ஈரத் தரையில் வழுக்கி விழுந்து அவர் மணிக்கட்டே முறிந்தது. ஒரு வருஷமாக அவரிடம் பழகும் மாணவிதான் கட்டுப் போட்டாள். 'விரல் ஆடுதா' என்ற கேள்விக்காக அவர் காத்திருந்தார். அவள் நோயாளிச் சீட்டை எழுத எடுத்தாள்.

"மாவுக்கட்டு அண்ணா, உங்க பேரு என்ன?"

அவர் சலிப்போடு விரல்களைத் தானே மடக்கி நீட்டிக் காட்டினார்.

"ஆடுதும்மா. முதல்ல அதை எழுதுங்க. பேரு இல்லாமதானே இத்தனை நாள் ஓடுச்சு."