நான் ஊதாத சைரன்

கடற்கரையோரம் இருந்த எங்கள் நெசவு மில்லைப் பொழுதுபோக்கு வளாகமாக மாற்றப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அதற்குள் இருபத்தைந்து வருடம் கரண்ட் வேலை பார்த்தவன் நான். பஞ்சுத் தூசியும் தறிச் சத்தமும் தவிர அங்கே ஒரு மண்ணும் கிடையாது. வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் மனைவி கதைப்பது காதில் விழ அரை மணித்தியாலம் பிடிக்கும். மில் மூடிப் பல வருடம் கழித்து, அந்த இடத்தைச் சுற்றிப் பார்க்க டிக்கெட் எடுத்துக்கொண்டு ஆட்கள் வருவார்களாம். யாருக்கு வேலை இல்லை என்று நினைத்தேன்.

வந்தார்கள். அறுகம்பைக் கடற்கரைக்குப் போகிற சுற்றுலாக்காரர்கள் வழியில் வேன்களை நிறுத்திவிட்டு இறங்கினார்கள். எங்கள் ஊர்க்காரர்களும் பின்னேரங்களில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனார்கள். முற்றத்தில் கொத்துரொட்டிக் கடைகள், பிள்ளைகள் ஏறும் சின்ன ரயில், சாயத் தொட்டிகள் இருந்த இடத்தில் கலர் வெளிச்சத்தில் ஆடும் தண்ணீர் என்று ஒரே அமளி. தறிக்கூடத்தை மட்டும் பழையபடி வைத்திருப்பதாகச் சொன்னார்கள். தறிகளோ எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டன. பலகையில் மூன்று தறி செய்து, பக்கத்தில் நீலச் சட்டை போட்ட பொம்மைகளை நிறுத்தியிருந்தார்கள். உருவத்துக்கு முகம் வைக்கக் கூடாது என்று பள்ளிவாசல் நிர்வாகத்தினர் கேட்டுக்கொண்டதால், பொம்மைகளுக்குக் கண்ணும் இல்லை, மூக்கும் இல்லை, வாயும் இல்லை.

முதல் நாள் உள்ளே போனபோது கேட்ட சத்தம் அசல் தறிச் சத்தம். நாற்பது தறி ஒன்றாக ஓடினால் எப்படி இருக்குமோ அப்படியே ஸ்பீக்கரில் இருந்து வந்தது. நான் என்னையறியாமல் தொண்டையைக் கிழித்துக் கதைக்கத் தொடங்கினேன். பிறகுதான் காலில் ஏதோ குறைகிறதே என்று பட்டது. தரை அதிரவில்லை. அந்தக் காலத்தில் சத்தம் காதில் விழுவதற்கு முன்பே உள்ளங்காலில் ஏறிவிடும். இப்போது இரைச்சல் மட்டும் இருக்கிறது, தரை செத்துக் கிடக்கிறது. சுவிட்ச் பலகைக்கு முன்னால், நான் நிற்கும் இடத்திலும் ஒரு பொம்மை நின்றது. அதன் சட்டையும் என் அளவுதான். நான் அதன் பக்கம் போகவில்லை.

மனேஜர் கொழும்பு ஆள், நம்மைப் போல முஸ்லிம்தான், நல்ல மனிதர். கூரையில் இருந்த பழைய சைரனைத் திருத்தித் தரவேண்டும் என்று என்னைத் தேடி வீட்டுக்கே வந்தார். பின்னேரம் ஆறு பத்துக்கு விளக்கெல்லாம் எரிகிறபோது அதை ஊதினால் நன்றாக இருக்கும் என்றார். ஒத்துக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், எனக்கு அந்த மில்லில் பிடித்திருந்த ஒரே சாமான் அந்தச் சைரன்தான்.

அதற்குக் காரணம் இருக்கிறது. வேலை நேரம் மாறும்போது ஒரே ஒரு நீட்டு ஊதுவேன். நோன்பு மாதத்தில், நோன்பு திறக்கும் நேரத்துக்கு மட்டும் வேறு மாதிரி. நீட்டி ஒன்று, ஒரு மூச்சு விட்டு, அதைவிட நீட்டி இன்னொன்று. இரண்டாவதின் கடைசியில் சுவிட்சைக் கொஞ்சம் தளர்த்துவேன், குரல் இறங்கி அடங்கும். பள்ளிவாசல் ஸ்பீக்கர் எட்டாத வளவுகளிலும் வயல் பக்கத்திலும் அதைக் கேட்டுத்தான் நோன்பு திறந்தார்கள். ஒரு நாள்கூட நேரம் பிசகியதில்லை. அந்த விஷயத்தில் எனக்குத் தலைக்கனம் உண்டு, மறைக்கமாட்டேன்.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியேறுவது. அப்படி வந்த எனக்கு, மில் மூடும் வரைக்கும் மனைவியோடு உட்கார்ந்து நேரத்துக்கு நோன்பு திறக்கும் கொடுப்பினை கிடைத்ததில்லை. நான் மில்லில் ஊதுவேன், அவள் வீட்டில் திறப்பாள். "ஒங்கட சத்தத்த முன்னால வெச்சுக்கிட்டு நான் கஞ்சி குடிக்கன்" என்று நக்கலடிப்பாள்.

சைரனைத் திருத்திய அன்று மனேஜர் ஊதிக் காட்டச் சொன்னார். ஒரு நீட்டு ஊதினேன். "அவ்வளவுதானா அங்கிள்?" என்றார். எனக்கு ரோசம் வந்துவிட்டது. இதையும் கேளுங்கள் என்று நோன்பு திறக்கும் சைரனை முழுசாக, கடைசி இறக்கத்தோடு ஊதினேன். ஒரு மைக்கை நீட்டிப் பிடித்துக்கொண்டு வளாகத்து ஆள் ஒருவர் நின்றார். நான் அதைப் பார்த்தேன். அது எதற்கு என்று கேட்கவில்லை. இரண்டாவது எந்த நேரத்துக்குரியது என்று சொல்லவும் இல்லை. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தவன் நான்தான்.

அதற்குப் பிறகு தினமும் பின்னேரம் ஒற்றை நீட்டு ஊதினோம். நோன்பு மாதம் நெருங்கியதும், இனிப் பெருநாள் வரை சைரன் கூடாது என்று மனேஜரிடம் சொன்னேன். "ஓம் அங்கிள், சைரனத் தொடவே மாட்டம்" என்றார். என்றாலும் நம்பிக்கை போதாமல் அதன் பியூஸைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். ஒழுங்கையில் நாலு பேரிடம் அதைச் சொல்லியும் வைத்தேன்.

மனைவிக்கு அப்போது கிட்னி வருத்தம் முற்றியிருந்தது. நோன்பு வைக்கவே கூடாது என்று கிளினிக்கில் டொக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். போன வருடமும் வைக்கவில்லை. அது அவளை நோயைவிட அதிகமாகத் தின்றது. "ஒண்டே ஒண்டு வெக்கன். மறுகா கேக்கமாட்டன்" என்று கெஞ்சினாள். முதல் வெள்ளிக்கிழமை வைப்பது என்று முடிவானது. விடியற்காலை, இன்று நோன்பு பிடிக்கிறேன் என்று அவள் நிய்யத்து வைத்தபோது அவளுடைய குரலில் இருந்த சந்தோசத்தைக் கேட்டு எனக்கு அழுகை வந்தது.

அன்று முழுக்க மப்பு மந்தாரம். பின்னேரம் ஐந்து மணிக்கே இருட்டிக் கிடந்தது. கடல் காற்று உரத்து வீசியது. அவள் கட்டிலில் சாய்ந்திருந்தாள், உதடு வெடித்திருந்தது. நான் கஞ்சியை ஆற்றி வைத்தேன். இரண்டு பேரும் பேரீச்சம்பழத்தைக் கையில் எடுத்துக்கொண்டு பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் குரலுக்காகக் காத்திருந்தோம்.

அப்போது சைரன் ஊதியது.

நீட்டி ஒன்று. ஒரு மூச்சு. அதைவிட நீட்டி இன்னொன்று. கடைசியில் அந்த இறக்கம். பழம் என் வாயில் இருந்தது. எப்போது வைத்தேன் என்று எனக்கே தெரியாது. கை தானாகப் போயிருக்கிறது. அவளும் தின்றுவிட்டாள், தண்ணீரும் குடித்துவிட்டாள். குவளையை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவளுடைய முகம் வெளிறியது.

"நீங்க இஞ்ச இரிக்கீங்க" என்றாள். "அப்ப ஊதின ஆரு?"

அது என் கை. வேறு யாருக்கும் அந்த இறக்கம் வராது. அலுமாரியைத் திறந்து பார்த்தேன். பியூஸ் வைத்த இடத்திலேயே இருந்தது.

ஒழுங்கைக்கு ஓடினேன். வாசலுக்கு வாசல் ஆட்கள் வந்து நின்றார்கள். நாற்பது வயதுக்கு மேற்பட்ட எல்லாருடைய வாயும் அசைபோட்டுக்கொண்டிருந்தது. இளசுகள் கையில் போனை வைத்துக்கொண்டு, உம்மாவையும் வாப்பாவையும் திகைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்களுடைய போனில் இன்னும் ஏழு நிமிடம் இருந்தது. விழுங்குவதா துப்புவதா என்று தெரியாமல் வாயை மூடிக்கொண்டு முழு ஒழுங்கையும் நின்றது. மேற்கே மேகம் ஒரு இடத்தில் கிழிந்து, வெயில் வந்து எதிர்வீட்டுத் தென்னையின் உச்சியில் பட்டது. சூரியன் இன்னும் மறையவில்லை. நோன்பு மாதத்தில் அந்த நேரத்து வெயிலைப் பார்த்து நான் பயந்தது அன்றுதான்.

ஏழு நிமிடம் கழித்துப் பாங்கு சொன்னார்கள். யாரும் அசையவில்லை. உள்ளே போனேன். மனைவி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

தொழுதுவிட்டு நேரே வளாகத்துக்குப் போனேன். மனேஜரும் நோன்பாளி, கஞ்சிக் கோப்பையோடு நின்றார். என்னைக் கண்டதும் பயந்துபோனார். சைரனை அவர்கள் தொடவில்லை, அது உண்மை. சைரன்தான் கூடாதே என்று அன்று முதல் ஸ்பீக்கரில் போட ஏற்பாடு செய்திருக்கிறார்கள். நான் ஊதியதைப் பதிந்து வைத்ததில் இரண்டாவதுதான் வடிவாக இருந்ததாம். கொம்பியூட்டரில் ஆறு பத்து என்று கொடுத்துவிட்டு ஆட்கள் நோன்பு திறக்கப் போய்விட்டார்கள். முற்றம் வரைக்கும்தான் கேட்கும் என்று நினைத்தார்களாம். காற்று அதை ஊர் முழுக்கக் கொண்டுபோயிருக்கிறது. "அது நோம்பு தொறக்கிற சத்தம் எண்டு எங்களுக்குத் தெரியாது அங்கிள்" என்றார். சொல்லாமல் விட்டவன் நான். அங்கேயே, எனக்கு முன்னால் அதை அழிக்கச் சொல்லி, அழித்ததைப் பார்த்துவிட்டு வந்தேன்.

அதோடு ஊருக்குச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஏனென்றால் நான் வருவதற்குள் கதை கட்டியாகிவிட்டது. பியூஸ் இல்லாத சைரன் ஊதியது, ஊதினவன் வீட்டில் இருக்கிறான், அப்படியானால் ஜின் வேலைதான் என்றார்கள். பள்ளிவாசலில் மௌலவி, சைரனுக்குத் திறந்தவர்கள் எல்லாரும் அந்த நோன்பைக் களாச் செய்ய வேண்டும், அதாவது வேறொரு நாளில் திருப்பி வைக்க வேண்டும் என்று அறிவித்தார். ஜின்னைத் திட்டிக்கொண்டு கலைந்து போனார்கள். ஜின்னின் நிழலில் நானும் தலை மறைத்துக்கொண்டேன். வெட்கமில்லாமல், வாயில்லாத அந்தப் பொம்மையின் பக்கத்தில் இன்னொரு பொம்மையாக இருந்தேன்.

வீட்டில் அவள் அதன் பிறகு நோன்பைப் பற்றிக் கதைக்கவே இல்லை. மருந்து கொடுத்தால் குடித்தாள், சோறு கொடுத்தால் கொறித்தாள். தொழுது முடித்தால் கையேந்துவதை விட்டுவிட்டாள். பெருநாள் அன்று புதுச்சேலையைக்கூட உடுக்கவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து என்னவென்று கேட்டேன்.

"ஒண்டுதானே கேட்டன்" என்றாள். "அதையும் அல்லாஹ் வேணாம் எண்டுட்டான். ஏழு நிமிசத்துல புடுங்கிட்டான். எண்ட நோம்பு அவனுக்குத் தேவையில்ல. நான் ஆருக்கிட்ட இனிக் கையேந்துற?"

ஜின் என்றதும் அவள் பயந்திருப்பாள் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். என் தலைக்கனத்தில் ஊதிய ஒரு ஊதலைப் படைத்தவன் சொன்ன பதில் என்று அவள் எடுத்து வைத்திருக்கிறாள். மைக்கில் இருந்து கொம்பியூட்டர் வரை ஒன்றுவிடாமல் சொன்னேன். முடிந்ததும் அவள் என் கைகளைப் பார்த்தாள்.

"அப்ப அவன் வேணாம் எண்டு சொல்லல்ல" என்றாள்.

"இல்ல. நான்தான் கெடுத்த."

"இவ்வளவு நாளும் சொல்லாம இருந்தீங்களே."

மறுநாள் பள்ளிவாசலில் எழுந்து நின்று ஊருக்கும் சொன்னேன். சிலர் சிரித்தார்கள், சிலர் இன்றுவரை முகம் கொடுத்துக் கதைப்பதில்லை.

பெருநாள் முடிந்து இரண்டு மாதம் கழித்து, ஊரில் யாரும் நோன்பு வைக்காத ஒரு சாதாரண வியாழக்கிழமை, அவள் அந்த நோன்பைத் திருப்பி வைத்தாள். டொக்டர் ஏசினார், வெளியூரில் இருக்கும் எங்கள் மகள் போனில் அழுதாள். சுகமில்லாதவர்கள் நோன்புக்குப் பதிலாக ஏழைக்குச் சாப்பாடு கொடுத்தால் போதும் என்று மௌலவி சொல்லி அனுப்பினார். "அது தெரியும்" என்றாள், அவ்வளவுதான். எனக்கும் ஒரு நோன்பு கடனாகக் கிடந்தது. நானும் வைத்தேன்.

பகல் முழுக்க ஒழுங்கையில் மீன் சைக்கிள் போனது, தேத்தண்ணிக் கடையில் ஆட்கள் சிரித்தார்கள். எங்கள் வீட்டில் மட்டும் நோன்பு. மூன்று மணிக்குப் பிறகு அவளுக்குத் தலையை நிமிர்த்த முடியவில்லை. நான் பக்கத்தில் இருந்து விசிறினேன். வெயில் இறங்கியது, இருட்டியது, பாங்கு சொல்லத் தொடங்கினார்கள். நான் பழத்தை அவளுடைய கையில் வைத்தேன்.

அவள் தின்னவில்லை. பாங்கு சொல்லி முடிந்தது. அடுத்த பள்ளிவாசலின் பாங்கும் முடிந்தது. உதட்டுத் தோல் காய்ந்து எழும்பி நின்றது. பழத்தை வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

"நேரம் சரியா?" என்றாள்.

வாழ்க்கையில் முதல்முறையாக எனக்கு நேரம் சரியா என்று உறுதியாகத் தெரியவில்லை. மணிக்கூட்டைப் பார்த்தேன். போனைப் பார்த்தேன். வாசலுக்குப் போய் மேற்கே பார்த்துவிட்டு வந்தேன்.

"ஓம்" என்றேன். "தொற."

"முதல்ல நீங்க தொறங்க" என்றாள். "மறுகா நான் தொறக்கன்."

நான் பழத்தை வாயில் வைத்தேன். மென்று விழுங்கும் வரைக்கும் அவள் என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.