ஓடாத சைக்கிளுக்கு ஒரு சீட்டு

மூன்று மாதத்தில் ஒரே ஆளுக்கு ஐந்து சீட்டு மாற்றிக் கொடுத்த சைக்கிள் கடைக்காரன் மைசூரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். இதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. நான்காவது சீட்டு திரும்பி வந்த அன்று நான் வீட்டில் எப்படிக் குதித்தேன் என்று என் மனைவி ஜோதிமணியிடம் கேட்டால் நடித்தே காட்டுவாள்.

என் பெயர் சிவகுமார். சொந்த ஊர் மார்டள்ளி, கர்நாடகத்துக்குள் இருக்கும் ஒரு தமிழ் ஊர். விஜயநகர் இரண்டாம் ஸ்டேஜில் பதினாறு வருடமாகக் கடை வைத்திருக்கிறேன். எனக்குக் கோபம் மூக்கின் மேல் என்பது தெருவுக்கே தெரியும். ஆனால் என் வேலையில் குறை சொல்ல யாருக்கும் இடம் வைத்ததில்லை. அந்தத் திமிர் கொஞ்சம் உண்டு, இல்லையென்று சொல்லமாட்டேன்.

அந்த ஐந்து சீட்டையும் வாங்கிப்போனவர் சீதாலக்ஷ்மி அம்மாள். அவருடைய அப்பா திருச்சியிலிருந்து ரயில்வே வேலைக்காக இங்கே வந்தவர். இவரும் ரயில்வேயிலேயே சேர்ந்து, மைசூர் ஸ்டேஷன் முன்பதிவு கவுண்டரில் முப்பத்தொரு வருடம் உட்கார்ந்துவிட்டு ஓய்வு பெற்றார். கூட வேலை செய்தவர்கள் ஸ்கூட்டர் வாங்கினார்கள், பிறகு கார் வாங்கினார்கள். இவர் மட்டும் சைக்கிளை விடவில்லை. சேலை கட்டிய காலத்தில் லேடீஸ் சைக்கிள், சுடிதாருக்கு மாறிய பிறகு கியர் சைக்கிள். கணவர் தவறிப்போய் காரியமெல்லாம் முடிந்த மறுநாளே சைக்கிளை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறார். ஊர் என்ன சொல்லும் என்று சொந்தக்காரர் ஒருவர் கேட்டதற்கு, ஊர் டிக்கெட்டுக்காக வரிசையில் நிற்கிறது, நான் போய்த்தான் கவுண்டரைத் திறக்கவேண்டும் என்றாராம்.

போன வருடம் அவருக்குக் கண்ணில் அழுத்தம் ஏறிவிட்டது. கிளாக்கோமா என்றார்கள். கண்டுபிடிப்பதற்குள் இடது கண்ணில் பக்கவாட்டுப் பார்வை முழுக்கப் போயிருந்தது. நேரே இருப்பது தெரியும். இடது பக்கத்திலிருந்து வருவது மூக்குக்கு முன்னால் வந்து நின்றால்தான் தெரியும். இனி ரோட்டில் சைக்கிள் ஓட்டவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அன்றைக்கு ஆட்டோவில் வீட்டுக்கு வந்து இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை என்று அவர் மகன் சுஹாஸ் சொன்னான்.

சுஹாஸ் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான். நல்ல பிள்ளை. அம்மாவை அந்தக் கோலத்தில் பார்க்கமுடியாமல் ஒரு ட்ரெய்னர் வாங்கி வந்தான். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், ட்ரெய்னர் என்பது ஓர் இரும்பு ஸ்டாண்டு. சைக்கிளின் பின்சக்கரத்தைத் தூக்கிக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். சக்கரம் ஓர் உருளைமேல் சுற்றும். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் மிதிக்கலாம், சைக்கிள் ஓர் அங்குலம் நகராது. மகனுக்காகத்தான் அம்மாள் அதில் ஏறினார் என்று நினைக்கிறேன். ஆனால் ஏறிய பிறகு அவருக்கே அது வேண்டியிருந்தது. இதுவும் இல்லையென்றால் சைக்கிள் என்ற பேச்சே அவர் வாழ்க்கையில் இல்லை.

ஒரே வாரத்தில் கடைக்கு வந்துவிட்டார். சீட்டு வலிக்கிறது, வேறு போட்டுக் கொடு என்றார். எங்கே வலிக்கிறது என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஒன்பது வருடமாக அவர் உட்கார்ந்து போன அதே சீட்டு அது. அன்றெல்லாம் வலிக்காதது இன்று ஏன் வலிக்கிறது என்று ஒரு நிமிடம் நின்று யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. பழைய சீட்டு, உள்ளே பஞ்சு செத்திருக்கும் என்று நானே முடிவுகட்டிப் புதிதாக ஒன்றைப் போட்டேன்.

அது திரும்பி வந்தது. அகலமாக, ஸ்பிரிங் வைத்த ஒன்றைக் கொடுத்தேன். அதுவும் வந்தது. மூன்றாவது அதைவிட மெத்தென்று இருந்தது, நான்காவது தலையணைதான். வலித்தால் இன்னும் மெத்தென்று போடு, இதுதான் என் வைத்தியம். ஒவ்வொரு தடவையும் அவர் சீட்டைத் துணியால் துடைத்து எடுத்து வந்து, சீட்டு நன்றாகத்தான் இருக்கிறது, எனக்குத்தான் சரியாக வரவில்லை என்பார். அந்த மரியாதைதான் எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

நான்காவது வந்த அன்று வீட்டில் பொரிந்து தள்ளினேன். அந்தம்மாவுக்கு ரோட்டில் போகமுடியாத ஏக்கம், அதைச் சீட்டின்மேல் காட்டுகிறார் என்றேன். ஜோதிமணி அடுப்பைப் பார்த்துக்கொண்டே, எங்கே வலிக்கிறது என்று கேட்டீர்களா என்றாள். அதையெல்லாம் ஓர் ஆம்பளை எப்படிக் கேட்பது என்றேன்.

"நீங்க கேக்க மாட்டீங்க, அந்தம்மா சொல்ல மாட்டாங்க. அப்புறம் சீட்டா வந்து வாயத் தொறந்து சொல்லுமுங்க?"

நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஐந்தாவதாக, இருப்பதிலேயே தடித்த ஜெல் கவர் போட்ட சீட்டை எடுத்து மேசைமேல் வைத்தேன். இதைவிட மெத்தென்று மைசூரில் கிடைக்காது என்று கொஞ்சம் வெடுக்கென்றே சொன்னேன். அம்மாள் அதைப் பையில் போட்டுக்கொண்டு போனார்.

அடுத்த வியாழக்கிழமை காலை ஆறரை மணிக்கு, சுஹாஸ் எழுந்திருக்கும் முன், சைக்கிளை ட்ரெய்னரிலிருந்து தானே கழற்றி ரோட்டுக்கு எடுத்துப்போயிருக்கிறார். வொண்டிக்கொப்பல் வரைக்கும் ஒன்றும் ஆகவில்லை. அங்கே இடது பக்கச் சந்திலிருந்து ஒரு ஸ்கூட்டர் வந்தது. அவருக்கு அது வந்ததே தெரியவில்லை. மோவாயில் மூன்று தையல், முழங்கை முழுக்கச் சிராய்ப்பு. ஸ்கூட்டர்காரர் நல்ல மனிதர், அவரே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், பிறகு வீடுவரை கொண்டுவந்து விட்டிருக்கிறார்.

அன்று மாலை சுஹாஸ் கடைக்கு வந்தான். கோபம் வந்தால் அவனுக்குத் தமிழ் வராது. முழுக்கக் கன்னடத்திலேயே பேசினான். ஞாயிற்றுக்கிழமைக்குள் சைக்கிள், ட்ரெய்னர் இரண்டும் வீட்டை விட்டுப் போகவேண்டும், யாருக்காவது கொடுங்கள், இல்லையென்றால் எடைக்குப் போடுங்கள் என்றான். எதற்காக ரோட்டுக்குப் போனார் என்று கேட்டேன். வீட்டில் உட்கார்ந்தால் உயிர் போகிற மாதிரி வலிக்கிறது, ரோட்டில்தான் வலிக்கவில்லை என்று அம்மா சொன்னதாகச் சொன்னான்.

எனக்குச் சுருக்கென்றது. ஐந்தாவது சீட்டை நான் நீட்டிய விதம் கண்முன்னால் வந்தது. அந்த மோவாய்த் தையலில் எனக்கும் பங்கு உண்டு என்று அப்போதே தோன்றியது, இப்போதும் அப்படித்தான் தோன்றுகிறது. ஞாயிறு வரைக்கும் எதுவும் செய்யாதே என்று அவனிடம் கேட்டுக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானமே கடையை மூடிவிட்டு ஜோதிமணியையும் அழைத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். பின்கட்டு அறையில், வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் ட்ரெய்னர் இருந்தது. அம்மாள் மோவாயில் பிளாஸ்திரியோடு வந்து, எங்களைப் பார்த்ததும் குற்றவாளி மாதிரி நின்றார். சைக்கிளை எடுத்துப்போகத்தான் வந்திருக்கிறோம் என்று நினைத்துவிட்டார். அதெல்லாம் இல்லை, ஒரு தடவை ஏறி உட்காருங்கள், பார்க்கவேண்டும் என்றேன். மூன்று மாதத்தில் அவர் அதில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

உட்கார்ந்தார். ஒரே பார்வையில் தெரிந்துவிட்டது. பின்சக்கரம் ஸ்டாண்டின் மேலே தூக்கி நிற்கிறது, முன்சக்கரம் வெறும் தரையில் இருக்கிறது. மூன்று விரற்கடை வித்தியாசம். சைக்கிளே முன்னால் சாய்ந்திருக்கிறது. அம்மாள் சரிந்து சரிந்து சீட்டின் மூக்கில் போய் உட்கார்கிறார், கைகளால் ஹேண்டில்பாரைத் தள்ளித் தள்ளிப் பின்னால் வருகிறார், மறுபடியும் சரிகிறார். இதில் நான் மெத்தை வேறு போட்டுக் கொடுத்திருக்கிறேன், இன்னும் நன்றாகப் புதைவதற்கு. முன்சக்கரத்துக்கு அடியில் முட்டுக் கொடுக்கவேண்டும் என்பது சுஹாஸுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். எப்படி மாட்டியிருக்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். நான் தலையில் அடித்துக்கொண்டதைப் பார்த்து அம்மாள் பயந்தே போனார்.

அலமாரியிலிருந்த பழைய ரயில்வே கால அட்டவணைப் புத்தகங்கள் இரண்டை எடுத்து முன்சக்கரத்துக்கு அடியில் வைத்தேன். சைக்கிள் மட்டத்துக்கு வந்தது. உடனே ஜோதிமணி என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள்.

அரைமணி நேரம் உள்ளே பேசினார்கள். எனக்குத் தெரியவேண்டிய அளவுக்கு மட்டும் பிறகு சொன்னாள். தொடையிடுக்கில் தோல் உரிந்து புண்ணாகியிருக்கிறது. சுடிதார் பேன்ட்டின் தடித்த தையலும் உள்ளாடையின் விளிம்பும் சேர்ந்து அறுத்திருக்கின்றன. சைக்கிளுக்கென்றே பஞ்சு வைத்துத் தைத்த ஷார்ட்ஸ் நம் கடையில் இருக்கிறதே, அதைப் போடவேண்டும், அதற்கு உள்ளே வேறெதுவும் போடக்கூடாது, மேலே தளர்வாக ஒரு பேன்ட் போட்டுக்கொள்ளலாம் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறாள். அதெல்லாம் அவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். அட்டையில் எழுதியிருக்கிறது, விற்கிறவர் படிப்பதில்லை என்றாள்.

அளவு எடுக்கும் வேலையையும் அவளே செய்தாள். அட்டைப்பெட்டியிலிருந்து ஒரு துண்டு நெளி அட்டையை வெட்டி மாடிப்படியில் வைத்து, அம்மாளை அதன்மேல் கொஞ்சம் முன்னால் குனிந்து உட்காரவைத்தாள். எழுந்ததும் அட்டையில் இரண்டு குழி விழுந்திருந்தது. உட்காரும்போது அழுந்துகிற இரண்டு எலும்புகளின் தடம் அது. குழிக்குக் குழி பன்னிரண்டரை சென்டிமீட்டர். அந்த எலும்புகள் தாங்கவேண்டிய பாரத்தை, நான் கொடுத்த மெத்தையெல்லாம் நடுவிலிருக்கும் மெல்லிய சதைமேல் ஏற்றியிருக்கிறது.

அந்த அளவுக்கு ஒரு சீட்டு என் கடையில் இரண்டு வருடமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. கெட்டியான சீட்டு, நடுவில் நீளப் பள்ளம். வருகிறவர்கள் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்துக்கொண்டு போவார்கள். புண் ஆற நாளாகும் என்றாலும் ஞாயிற்றுக்கிழமை சுஹாஸ் முன்னால் உட்கார்ந்து காட்டியே தீருவேன் என்று அம்மாள் பிடிவாதம் பிடித்தார். சனிக்கிழமையே கொண்டுபோய் மாட்டினேன். அவரும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். கல் மாதிரி இருக்கிறதே என்றார். ஆனால் ஏறினார்.

ஐந்து நிமிடம், பத்து நிமிடம், நன்றாக மிதித்தார். பன்னிரண்டாவது நிமிடம் முகம் மாறியது. இதற்கு மேல் என் கையில் வேறு வித்தை இல்லை. அப்போதுதான் கவனித்தேன், ஏறியதிலிருந்து அம்மாள் ஒரு தடவைகூட சீட்டை விட்டு எழவில்லை. அடித்துவைத்த முளை மாதிரி உட்கார்ந்திருக்கிறார்.

"ஏனுங்கம்மா, ரோட்டுல போறப்பவும் இப்படி அசையாமத்தான் உக்காந்திருப்பீங்களா?"

"ரோட்டுல எங்கேப்பா உக்கார விடறா? வாட்டர் டேங்க் கிட்ட ஒரு ஹம்ப், எழுந்துக்கணும். வொண்டிக்கொப்பல்ல ரெண்டு. அப்புறம் ஆகாசவாணி சர்க்கிள்ல சிக்னல், கால ஊனி நிக்கணும். அப்புறம் அந்த மேடு..."

வேகத்தடையும் சிக்னலுமாக விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தினார். என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார், தையல் இழுத்ததும் மோவாயைப் பிடித்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை சுஹாஸ் கையைக் கட்டிக்கொண்டு அறை வாசற்படியில் நின்றான். அம்மாள் ட்ரெய்னரில் ஏறி, மனசுக்குள்ளேயே வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்குப் புறப்பட்டார். எத்தனையாவது நிமிடத்தில் எந்த ஹம்ப் வரும் என்று அவருக்கு மனப்பாடம். ஹம்ப் வந்தால் எழுந்து நாலு மிதி மிதிப்பார், மறுபடி உட்கார்வார். சிக்னல் வந்தால் பெடல்மேல் நின்றுகொள்வார். கால் மணி நேரம் கழித்து, இப்போது எங்கே இருக்கிறீர்கள் என்று சுஹாஸ் கன்னடத்தில் கேட்டான். சர்க்கிளில் சிவப்பு விழுந்திருக்கிறது என்று அம்மாள் மூச்சிரைத்துக்கொண்டே சொன்னார். நாற்பது நிமிடம் ஓட்டி இறங்கினார். எடைக்குப் போடுகிற பேச்சை அவன் அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

ஒரு மாதம் கழித்து அம்மாளிடமிருந்து போன் வந்தது. ஸ்பேனர் எடுத்துக்கொண்டு வா என்றார். ஏழாவது சீட்டா என்று பதறிக்கொண்டே போனேன். சீட்டில் ஒன்றும் இல்லை. மணி, முன்விளக்கு, பின்விளக்கு, வலதுபக்கக் கண்ணாடி எல்லாவற்றையும் கழற்றி யாராவது தேவைப்படுகிறவர்களுக்குக் கொடுத்துவிடச் சொன்னார். அவை பாட்டுக்கு இருந்துவிட்டுப் போகட்டுமே என்றேன். வேண்டாம் என்று ட்ரெய்னரில் ஏறி மிதிக்க ஆரம்பித்துவிட்டார். அவர் மிதிக்க மிதிக்க நான் ஒவ்வொன்றாகக் கழற்றினேன்.

கண்ணாடியின் திருகைத் திருப்பும்போது அவர் முகத்தைப் பார்த்தேன். கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. மறுபடியும் வலிக்கிறதா என்று கேட்டேன்.

"வலிக்கலைப்பா. வலிச்சப்போ எனக்கு ஒரு சாக்கு இருந்தது. இது சரிப்படாது, ரோட்டுக்குத்தான் போகணும்னு மனசுக்குள்ள சொல்லிண்டே இருந்தேன். இப்ப கொஞ்சங்கூட வலிக்கலை. இனிமே இதுதான்."

கண்ணாடியைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். அம்மாள் புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சீட்டிலிருந்து எழுந்து நாலு மிதி மிதித்து, மறுபடி உட்கார்ந்தார்.