நிற்கத் தெரியாதவர்

கராத்தே உடைக்குக் கஞ்சி போட்டால், கையை வீசும்போது படீரென்று சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்காகவே என் வீட்டுக்காரர் வடித்த கஞ்சியைக் கொட்ட விடமாட்டார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு நாள் காலை, வேங்கிக்காலில் நடக்கவிருந்த தேர்வுக்கு அவர் கிளம்பியபோது, கஞ்சி கூடிப்போய் உடை அட்டை மாதிரி விறைத்து நின்றது. "விடு, இன்னிக்கு சத்தம் ஜாஸ்தியா கேக்கும்" என்று சிரித்தார். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு நானும் கூடவே கிளம்பினேன்.

திருவண்ணாமலையில் அப்போது கராத்தே மாஸ்டர்களுக்குப் பஞ்சமில்லை. யார் பெரியவர் என்று டீக்கடையில் சண்டையே நடக்கும். அவனவனுக்கு அவனவன் மாஸ்டர்தான் பெரியவர். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. என்னைக் கேட்டால் நானும் இவரைத்தான் சொல்வேன். வேறு யாரும் சொல்லித்தந்து நான் பார்த்ததே இல்லை என்பது வேறு விஷயம். ஒரு பள்ளிக்கூடத்தில் நிரந்தரமாகக் கராத்தே ஆசிரியர் வைக்கப்போகிறார்கள், இருப்பவர்களில் நல்லவரைத் தேர்ந்தெடுக்க வேலூரிலிருந்து ஒரு பெரிய மாஸ்டர் வருகிறார் என்றதும், எங்களுக்கு விடிந்துவிட்டது என்றே நம்பினேன்.

பெரிய மாஸ்டர் கேட்ட முதல் கேள்வியே, "உங்க மாஸ்டர் யாருங்க?" என்பதுதான். இவர் தன் மாஸ்டரின் பெயரைச் சொன்னதும் அவர் முகம் கடை சாத்தியது போல ஆகிவிட்டது. இவர் கற்ற வழியில் முழங்காலைச் சற்றே மடித்து, நடக்கத் தயாராக இருப்பது போல நிற்பார்கள். அவர் வழியில் தொடை தரைக்குச் சமமாகும்வரை தாழ்ந்து நிற்க வேண்டுமாம். இவரிடம் கற்ற பிள்ளைகள் அடிவரிசையை ஒரு அடி பிசகாமல் செய்து முடித்தார்கள். "நிக்கவே தெரியலையே, என்னாத்த கத்துக் குடுத்தீங்க?" என்றார் அவர். அவர் வழியிலேயே வந்த இன்னொருவரின் மாணவன் பாதியில் வரிசை மறந்து திருதிருவென்று முழித்தான். ஆனாலும் தாழ்ந்து நின்றபடி முழித்தான். வேலை அவனுடைய மாஸ்டருக்குப் போயிற்று.

வீட்டுக்கு வந்து வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தேன். இவரும் இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் என் மனசு ஆறியிருக்கும். உடையை மடித்தபடியே சொன்னார்: "அந்தாள திட்டாத. அவரு எடத்துல நான் இருந்தாலும் என்னை மாதிரி நிக்கறவனுக்குத்தான் குடுத்திருப்பேன். போன வருஷம் கீழ்பென்னாத்தூர் போட்டியில நடுவரா இருந்தப்ப அப்டித்தானே பரிசு குடுத்தேன்."

அநியாயம் நடந்துவிட்டது என்று அழக்கூட எனக்கு இடம் வைக்கவில்லை அந்த மனுஷன். நிற்கத் தெரியாதவர் என்ற பேச்சு ஊருக்குள் பரவி, பிள்ளைகள் ஒவ்வொருவராக வராமல் நின்றார்கள். வகுப்பை மூடிவிட்டு, ரமணாசிரமம் பக்கம் தங்கும் வெளிநாட்டுக்காரர்களுக்கு வேன் ஓட்டப் போனார்.

அன்றைக்கு என் இடுப்பில் இருந்த மகள் வளர்ந்து ஏழாவது படிக்கும்போது, தானும் கராத்தே கற்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். "நீயே சொல்லிக் குடுப்பா" என்று கெஞ்சினாள்.

"எனக்குத்தான் நிக்கவே தெரியாதேம்மா" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். சாதாரணமாகத்தான் சொன்னார்.

பிறகு அவளை வேனில் ஏற்றிக்கொண்டு ஊரில் இருந்த வகுப்புகளைப் பார்க்கப் போனார். எங்காவது சேர்த்துவிடுவார், அந்தச் சாக்கில் அவரும் ஒரு மைதானத்தின் ஓரத்திலாவது போய் நிற்பார் என்று ஆசைப்பட்டேன். பொழுது சாயத் திரும்பி வந்தார்கள். அவள் முகம் தொங்கியிருந்தது. "ஒருத்தனுக்கும் நிக்கத் தெரில" என்றார். அந்தப் பெரிய மாஸ்டரே என் வீட்டுக்குள் வந்து பேசுவது போலிருந்தது.

"அப்போ யாருக்குத்தாம்மா தெரியும்?" என்று மகள் என்னைக் கேட்டாள். உன் அப்பாவுக்குத்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். வெளியே வேன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த அவருடைய முதுகைப் பார்த்தேன். எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டேன். அவள் எந்த வகுப்பிலும் சேரவில்லை.